பத்தாம் நிமிடம்

உன்னிச்சைக் குளத்தில்
ஆம்பலுக்கும் பட்ட மரத்துக்கும் இடையில்
ஓரிடம் மட்டும் உலைத்தண்ணீராய்க் கொதித்தால்
அது விரால் குஞ்சு.
ஆயிரம் சிவப்பு நூல்நுனிகள்
காற்றுக் குடிக்க மேலே வந்து போகின்றன.
அடியில் ஒன்று நிற்கும், சிலவேளை சோடியாய்.
அப்பனா அம்மாவா
வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.
‘காவல் மீன் – 1’ என்றே படிவத்தில் எழுதுகிறேன்.

ரிஃபாஸுக்கு இதெல்லாம்
எனக்கு முன்னமே தெரியும்.
கல்முனையில் வங்கிக் கணக்காளர்,
சனிக்கிழமை விடிந்தால் வேறு ஆள்.
கொதிப்பின் நடுவில் ரப்பர் தவளையைப் போடுவார்.
பசியில்லாத மீனும் பாய்ந்து அடிக்கும்.
அடிப்பது தின்பதற்கல்ல.

“கொல்லுறல்ல மிஸ்.
படம் எடுத்திட்டு விட்டுருவன்,
ஒரு செதில் கழராம.”
உண்மைதான்.
விட்ட மீன் நூற்றுப் பதினொன்று,
நீளமும் எடையும் திகதியுமாய்
அவர் கைபேசியில் கிடக்கின்றன.
எங்கள் ஆய்வுகூடத்தில் அதில் பாதியும் இல்லை.

ஆகவே அவரையே கேட்டோம்:
நீங்கள் பிடியுங்கள்,
நாங்கள் நேரம் பார்க்கிறோம்.

தோணி வலித்தவர் விஜயரட்ணம்,
நன்னீர் மீனவர் சங்கப் பொருளாளர்.
“நாங்க வலை போட்டா தடை,
இவர் தூண்டில் போட்டா ஆராய்ச்சி”
என்றார், துடுப்பிடம்.
யாரும் பதில் சொல்லவில்லை.
யானைவேலிக்கு அப்பால் மழை இருட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு நிமிடம் வெளியே வைத்த மீன்
விட்டதும் கிறுகி ஓடிப் போய்
குஞ்சுகளின் கீழே நின்றுகொண்டது.
ஐந்து நிமிடத்து மீனுக்குக்
கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

பத்து நிமிடத்து மீன்
மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
தொட்டிக்குள் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை,
விரால் காற்றிலும் மூச்சு விடும்.
நாங்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தோம்.

கம்பில் கட்டி இறக்கிய கமரா
மறுகா எல்லாவற்றையும் சொன்னது.
மூன்றாம் நிமிடம் ஒரு யப்பான் மீன்,
தயங்கி,
பந்தின் ஓரத்தில் ஒரு வாய்.
நாலாம் நிமிடம் ஆறு.
ஏழில் ஒரு நீர்க்காகம் திரை முழுக்கக் கறுப்பாய் வந்தது.
பத்தில் கலங்கல்.
பதினொன்றில் எங்கள் மீன் திரும்பி வந்து
ஒன்றுமில்லாத ஒரு வட்டத்தை
சுற்றிச் சுற்றிக்
காவல் காத்தது.

ரிஃபாஸ் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்.
“இதில நான் எங்கயும் இல்லியே மிஸ்.”
“அதான்” என்றார் விஜயரட்ணம்.

அறிக்கை எழுதினோம்.
மாரி மாதங்களில் குஞ்சுக் கொதிப்பில் தூண்டிலும் வேண்டாம், வலையும் வேண்டாம்,
மற்றக் காலம் அளவு பார்த்துப் பிடிக்கலாம்.
இருபத்தாறு பக்கம், ஒன்பது வரைபடம்.
அது கொழும்பில் ஒரு மேசையில் இருக்கிறது,
அல்லது மேசைக்கு அடியில்.

கார்த்திகையில் வான் பாய்ந்த கிழமை
ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி.
“மிஸ், துருசுக்கட்டுக்குக் கிழக்கால ஒண்டு.
பெரிய கொதிப்பு, மீனும் பெரிசு,
ஒருக்கா புரண்டு காட்டிச்சு.
நான் எறியல்ல.
எழுதிக்கங்க.”
பின்னால் மழை சத்தம்.
குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது,
என்மேல்தான் என்று நினைக்கிறேன்.

படிவத்தை எடுத்தேன்.
பிடிக்காத மீனுக்கு அதில் வரிசை இல்லை.
நீளம் தெரியாது.
எடை தெரியாது.
‘தண்ணீருக்கு வெளியே இருந்த நேரம்’
என்ற கட்டத்தில்
பூச்சியம் போட்டேன்.